பதுவாவில் ஒரு 'போ': மாணவர்கள் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்த்தேன்

பதுவா என்றதும் நமக்கெல்லாம் அந்தோணியார்தான் ஞாபகம் வருவார். வெனிஸிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம், இறங்கி டிராம் பிடித்தால் பசிலிக்கா, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கும்பிடு, மறுபடி வெனிஸ் ரயில். என் திட்டமும் அதுதான். கூட வந்த நண்பர் "அந்தோணியார் காலமாவதற்கு ஒன்பது வருடம் முன்பே ஆரம்பித்த பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று இழுத்துக்கொண்டு போனார். 1231-ல் அந்தோணியார் இறந்தார், பல்கலைக்கழகம் 1222. போனது நல்லதாகப் போயிற்று, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சுற்றிக் காட்டுவது பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடத்தை. பெயர் பலாஸ்ஸோ போ. உள்ளே வரச்சொல்கிற வாசலுக்குப் பெயர் 'போ' என்றால் தமிழ் தெரிந்தவனுக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிடும். அந்த வட்டார மொழியில் 'போ' என்றால் எருது. பல்கலைக்கழகம் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே குடிவருவதற்கு முன் இந்த இடத்தில் எருதுத் தலையை அடையாளமாக வைத்த ஒரு சத்திரம் இருந்தது. சத்திரம் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. எண்ணூறு வருடப் பல்கலைக்கழகத்தை ஊர்க்காரர்கள் இன்றைக்கும் எருது என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வழிகாட்டி இல்லாமல் தனியாக உள்ளே சுற்ற முடியாது, குறிப்பிட்ட நேரங்களில் குழுவாகத்தான் அழைத்துப் போவார்கள், இத்தாலியச் சுற்று தனி, ஆங்கிலச் சுற்று தனி. இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போங்கள். நாங்கள் செய்யவில்லை. வாசலில் போய் டிக்கெட் கேட்டால் அடுத்த ஆங்கிலச் சுற்றில் இடமில்லை, அதற்கடுத்ததில்தான் என்றார்கள். தப்பு முழுக்க எங்களுடையது. மூன்று மணி நேரம் கையில் வந்து விழுந்தது.

ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில்தான் பாதிப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குப் பட்டமளிப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலுக்கு எதிரே தெருவில் ஒரு பெண், தலையில் வாகை மாதிரி பச்சை இலைக் கிரீடம் (லாரல் இலை, அவர்கள் பட்டத்துக்கே அதனால்தான் 'லாவ்ரேயா' என்று பெயர்), உடம்பில் குப்பை மூட்டைப் பிளாஸ்டிக்கில் தைத்த ஏதோ ஒரு கோமாளி உடை. எதிரே சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு போஸ்டர். அதில் அவளைக் கேலிச்சித்திரமாக வரைந்து, பிறந்ததிலிருந்து நேற்று வரை அவள் செய்த அசட்டுத்தனம் எல்லாவற்றையும் எதுகையோடு பாட்டாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இதற்கு 'பாப்பிரோ' என்று பெயர். பட்டம் வாங்கியவரே அதை உரக்கப் படிக்க வேண்டும். படிக்கும்போது நண்பர்கள் மாவும் முட்டையும் அடிப்பார்கள், தடுமாறினால் ஒரு மடக்கு குடிக்க வேண்டும். படித்து முடித்ததும் 'தொத்தோரே, தொத்தோரே' என்று ஒரு பாட்டு. அந்தப் பாட்டின் மீதி வரிகளை இங்கே மொழிபெயர்க்க முடியாது. பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், பாட்டியாக இருக்கும், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சேர்ந்து பாடினார். பேத்தியின் புருவத்தில் முட்டை வழிகிறது.

உள்ளே போனதும் இந்தக் கூத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. இந்தப் பல்கலைக்கழகத்தை ஆரம்பித்தவர்கள் அரசனும் இல்லை, போப்பும் இல்லை. பொலோனியாவில் (அதுதான் இன்னும் பழையது, 1088 என்று கணக்குச் சொல்வார்கள்) தங்கள் சுதந்திரத்தில் நகராட்சி கைவைக்கிறது என்று கோபித்துக்கொண்டு ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு கூட்டமாகக் கிளம்பிப் பதுவாவுக்கு வந்துவிட்டார்கள். அவ்வளவுதான் தொடக்க விழா. 'பதுவாவின் சுதந்திரம் முழுமையாக எல்லோருக்கும்' என்ற பொருளில் லத்தீனில் ஒரு குறிக்கோள் வாசகம் வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி வாசகங்களை நான் பொதுவாக நம்புவதில்லை, கல்லில் செதுக்க யாருக்கும் கை வலிக்காது. இங்கே மட்டும், அந்த வார்த்தைக்குப் பின்னால் கணக்கு வழக்கு, ஓட்டு, சம்பளம் என்று ஒரு நிர்வாகமே இருந்தது. அதுதான் எனக்குப் பிடித்துப்போன விஷயம்.

எப்படி என்றால், அன்றைக்கு 'யுனிவர்சிடாஸ்' என்றால் கட்டடம் கிடையாது. மாணவர்களின் சங்கம். ரெக்டர் என்றால் இன்று துணைவேந்தர் ஸ்தானத்தில் ஒரு மூத்த பேராசிரியர் என்று நினைப்போம். அன்றைக்கு ரெக்டர் ஒரு மாணவர், மாணவர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர். பேராசிரியரை யார் நியமிப்பது என்பதிலும் ஆரம்ப காலத்தில் மாணவர்களுக்குத்தான் சொல். சட்டம் படிக்க வந்தவர்கள் பலர் பணமும் வயதும் உள்ளவர்கள், ஆல்ப்ஸ் மலை தாண்டி வந்தவர்கள். காசு கொடுக்கிறவனுக்கு அதிகாரம். அவர்கள் ஊர்வாரியாகப் பிரிந்து 'நேஷன்' என்று குழுக்களாக இருந்தார்கள், மலைக்கு இந்தப்பக்கம் ஒரு கூட்டம், அந்தப்பக்கம் ஒரு கூட்டம். ஒவ்வொரு நேஷனுக்கும் ஒரு கவுன்சிலர். ஜெர்மானிய நேஷன்தான் பெரிய கை, அவர்களுக்கென்று தனியாக நூலகமே வைத்திருந்தார்கள்.

1399-ல் இது இரண்டாகவே உடைந்தது. சட்டக்காரர்கள் ஒரு பல்கலைக்கழகம், மருத்துவம், தத்துவம், வானியல், இலக்கணம் எல்லாம் சேர்ந்து 'கலைக்காரர்கள்' என்று இன்னொன்று. ஒரே ஊரில் இரண்டு ரெக்டர், இரண்டு சட்டதிட்டம். திரும்ப ஒன்றானது 1813-ல்தான். நானூறு வருடம் இரண்டு அடுப்பு எரிந்த கூட்டுக்குடும்பம்.

இடையில் 1405-ல் பதுவா வெனிஸ் கைக்குப் போனது. இங்கேதான் கதை சுவாரசியம். வெனிஸ் வியாபாரி ஊர், இது லாபமுள்ள சொத்து என்று உடனே புரிந்துகொண்டார்கள். தங்கள் ஆட்சிக்கு உட்பட்டவர்கள் வேறெங்கும் போய்ப் படிக்கக் கூடாது, பதுவாதான் என்று சட்டம் போட்டார்கள். பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், வெளியூரிலிருந்து பெரிய ஆட்களைப் பிடித்து வந்தார்கள். மேற்பார்வைக்கு மூன்று வெனிஸ் பிரபுக்கள் கொண்ட ஒரு குழு. மாணவர் கையிலிருந்த நியமன அதிகாரம் மெல்ல மெல்ல அவர்களிடம் போய்விட்டது. ஆனாலும் முக்கியமான பாடங்களுக்கு இரண்டு பேராசிரியர்களைப் போட்டு, இருவரையும் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் பாடம் நடத்தச் சொல்வார்கள். மாணவர்கள் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கூட்டம் எங்கே என்று ஊருக்கே தெரியும். வாத்தியாருக்கு மார்க் போடும் முறை ஏதோ இப்போது கண்டுபிடித்தது போலப் பேசுகிறோம்.

இதெல்லாம் எதற்கு இந்த விமர்சனத்தில் என்றால், சுற்றில் நீங்கள் முதலில் நிற்கும் இடம் பழைய முற்றம். 16-ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா மொரோனி வடிவமைத்தது, கீழே ஒரு வரிசைத் தூண், மேலே ஒரு வரிசைத் தூண். தூண்களை விடுங்கள். சுவரைப் பாருங்கள். சுவர், விதானம், வளைவின் அடிப்பகுதி, ஓர் இடம் விடாமல் குலச்சின்னங்கள், கேடயம் கேடயமாகக் கல்லிலும் வண்ணத்திலும். பெரிய மண்டபத்தையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் வரும். பார்த்தவுடன் ஏதோ ராஜ பரம்பரை என்று நினைப்போம். இல்லை, இவை பெரும்பாலும் மாணவர் பிரதிநிதிகளுடையவை. ரெக்டராக, கவுன்சிலராக இருந்த பையன்கள் தங்கள் பதவிக்காலம் முடிந்ததும் சுவரில் மாட்டிவிட்டுப் போனவை. நம் பள்ளி பெஞ்சில் காம்பஸ் முனையால் பெயர் செதுக்குவோமே, அதன் பணக்கார வடிவம். யார் சின்னம் உயரத்தில், யாருடையது வாசலுக்குப் பக்கத்தில் என்று சண்டை முற்றிப்போய் 1688-ல் வெனிஸ் அரசு இனி மாட்டவே கூடாது என்று தடை போட்டது. பிற்காலத்தில் ரெக்டர் பதவிக்கு ஆகிற செலவைத் தாங்க முடியாமல் ஆளே கிடைக்காமல் போன காலமும் உண்டு.

வில்லியம் ஹார்வி, அதாவது இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று நிறுவியவர், இங்கே ஆங்கில நேஷனின் கவுன்சிலராக இருந்தார், அவர் சின்னமும் இங்கே இருக்கிறது. 1602-ல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அந்தக் கூட்டத்தில் அதைத் தேடிக்கொண்டு நான் கழுத்து வலிக்க நின்றேன், வழிகாட்டி அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஓடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் உண்டு. போப்பின் மண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் புராட்டஸ்டண்ட் ஆங்கிலேயனும் ஜெர்மானியனும் எப்படிப் படித்துப் பட்டம் வாங்கினார்கள்? அந்த முடிச்சு இங்கே அவிழ்ந்தது. பட்டம் கொடுக்கும் அதிகாரம் பிஷப் கையில். 1564-ல் போப் நான்காம் பயஸ், பட்டம் வாங்குகிறவர்கள் கத்தோலிக்க விசுவாசத்தைச் சத்தியம் செய்து அறிக்கையிட வேண்டும் என்று ஆணை போட்டார். வெனிஸ் போப்போடு நேராக மல்லுக்கு நிற்கவில்லை. ஆணை பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, 1616-ல் தனியாக ஒரு கல்லூரி மன்றம் அமைத்து, பிஷப் பெயரில் இல்லாமல் வெனிஸ் குடியரசின் பெயரிலேயே பட்டம் கொடுக்க ஆரம்பித்தார்கள். சத்தியப் பிரமாணம் தேவையில்லை. புராட்டஸ்டண்டுகள், கிரேக்கச் சபைக்காரர்கள், யூதர்கள் எல்லோரும் இந்த வாசல் வழியாக மருத்துவர் ஆனார்கள். மனித நேயமா, கட்டணம் கொடுக்கிற வாடிக்கையாளரை இழக்கக் கூடாது என்ற கணக்கா என்று கேட்டால், இரண்டாவதுதான் அதிகம் என்பது என் கட்சி. ஆனால் பலன் ஒன்றுதான். சுதந்திரம் என்ற வார்த்தை சுவரில் இருந்து இறங்கி ஓர் அலுவலகமாக, ஒரு முத்திரையாக மாறிய இடம் அது.

சரி, எல்லோரும் காத்திருக்கும் இடத்துக்கு வருவோம். உடற்கூறு அரங்கம். 1595-ல் உடற்கூறு பேராசிரியர் ஃபாப்ரீசியஸ் காலத்தில் கட்டியது, நிரந்தரமாகக் கட்டி இன்றும் நிற்பவற்றில் உலகிலேயே பழையது. படத்தில் பார்த்தால் பெரிய கூடம் போலத் தெரியும். நேரில் அது ஒரு மரப் புனல். முட்டை வடிவத்தில் ஆறு அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று, வால்நட் மரத்தில் கடைந்த கைப்பிடி. ஒவ்வோர் அடுக்கும் ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கும் அகலம்தான். உட்கார இடமே கிடையாது. இதற்குள் சுமார் முந்நூறு பேர் நெருக்கியடித்து நின்று கீழே நடுவில் இருக்கும் மேசையைப் பார்ப்பார்கள். மயக்கம் போட்டாலும் விழ இடமில்லை, கைப்பிடியும் நெஞ்சளவுக்கு இருக்கிறது. குளிர்காலத்தில்தான் அறுப்பார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கிடையாது, மெழுகுவர்த்தி வெளிச்சம். இப்படியே 1872 வரை பயன்பாட்டில் இருந்தது.

இப்போது மேல் அடுக்குகளுக்கு ஏற முடியாது, மரம் தாங்காது. நம்மைக் கீழே, உடலைத் தயார் செய்த அறை வழியாக அழைத்துப்போய், மேசை இருந்த குழிக்கு அடியில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்கிறார்கள். முதலில் எனக்கு ஏமாற்றம். அப்புறம் அண்ணாந்து பார்த்தபோது ஆறு முட்டை வளையங்கள் மேலே விரிந்துகொண்டே போகின்றன, எல்லாம் என்னையே பார்ப்பது போல. மாணவன் நின்ற இடத்திலிருந்து இதைப் பார்த்திருந்தால் ஒரு பழைய வகுப்பறை என்று கடந்திருப்பேன். நான் நின்றது பிணத்தின் இடம். எங்கள் குழுவில் அதுவரை கிசுகிசுத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களும் சட்டென்று வாயை மூடினார்கள். மரணம் உயிருக்கு உதவி செய்வதில் மகிழும் இடம் இது என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று இருக்கிறது. பக்கத்து மருத்துவ மண்டபத்தில் தங்கள் உடலையே இங்கே தானம் செய்த எட்டுப் பேராசிரியர்களின் மண்டை ஓடுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வே பெறாதவர்கள்.

இதற்கு ஐம்பது வருடம் முன்பு இதே ஊரில் வெசாலியஸ் இருந்தார். 1537-ல், இருபத்து மூன்றாவது வயதில், பேராசிரியர். பாடம் நடத்துகிறவர் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து பழைய புத்தகத்தைப் படிக்க, கத்தி பிடிக்கிறவர் வேறொருவர் என்ற வழக்கத்தை உடைத்துத் தானே அறுத்துக் காட்டியவர். ஃபாப்ரீசியஸ் சிரைகளில் வால்வுகளைக் கண்டு 1603-ல் எழுதினார், அது எதற்கு என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மாணவர் ஹார்விக்குப் பிடிபட்டது, 1628-ல் வெளிவந்தது.

கலிலியோவை நான் கொஞ்சம் அவசரமாகத்தான் கடக்கப் போகிறேன். 1592 முதல் 1610 வரை பதினெட்டு வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்தார், வாழ்க்கையிலேயே நல்ல காலம் அது என்று வயதான பிறகு கடிதத்தில் எழுதினார். நாற்பதின் மண்டபம் என்ற அறையில் அவர் ஏறி நின்றதாகச் சொல்லும் ஒரு மரமேடை இருக்கிறது. கூட்டத்துக்கு அவர் தெரிய வேண்டும் என்று மாணவர்களே பலகை அடித்துச் செய்தது என்பது செவிவழிக் கதை. கரடுமுரடான, ஏணி மாதிரி படி வைத்த பெட்டி, நம் கூட்டங்களில் அவசரத்துக்குக் கட்டும் மேடையை விட அழகு என்று சொல்ல முடியாது. அதனாலேயே நம்பலாம் போலிருக்கிறது. அவருடைய முதுகெலும்புத் துண்டு ஒன்றும் இங்கே வைத்திருக்கிறார்கள். 1737-ல் ஃபிளாரன்ஸில் அவர் உடலை வேறு கல்லறைக்கு மாற்றியபோது ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அந்தோணியாரின் நாக்கு பசிலிக்காவில், கலிலியோவின் முதுகெலும்பு பல்கலைக்கழகத்தில். ஊருக்கு ஒரே பழக்கம்தான்.

என்னைக் கவர்ந்த கலிலியோ விஷயம் அவர் சம்பளம். ஆரம்பத்தில் 180 ஃபுளோரின், தொலைநோக்கியைக் காட்டிய 1609-ல் 1000. இடையில் மாணவர்களுக்கு வீட்டில் அறை வாடகைக்கு விட்டு, தனி வகுப்பு எடுத்துச் சமாளித்தார். கணிதத்துக்குக் கூலி குறைவு, மருத்துவத்துக்கும் தத்துவத்துக்கும் அதிகம். இது எந்த நூற்றாண்டு என்று சந்தேகம் வருகிறதா?

அந்த மண்டபத்துக்கு 'நாற்பது' என்று பெயர் வரக் காரணம் வெளிநாட்டிலிருந்து வந்து படித்த நாற்பது பேரின் ஓவியங்கள். ஹார்வி இருக்கிறார், இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் லினாக்கர் இருக்கிறார். 1942-ல் வரைந்தவை. நாற்பதும் ஆண்கள்.

பெண் முற்றத்தில் இருக்கிறாள். படிக்கட்டின் கீழே எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியாவின் சிலை. 1678 ஜூன் 25, உலகிலேயே தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். அவர் கேட்டது இறையியல். பிஷப் பார்பரிகோ பெண்ணுக்கு அதெல்லாம் கிடையாது என்று மறுத்தார். இழுபறிக்குப் பிறகு தத்துவம் என்று சமாதானம் ஆயிற்று. கூட்டம் தாங்காது என்று விழாவைப் பேராலயத்தில் வைத்தார்கள், மோதிரம், தோள்போர்வை, லாரல் கிரீடம் எல்லாம் முறைப்படி. வழிகாட்டிகள் வழக்கமாக இதோடு நிறுத்திவிடுவார்கள், எங்களுக்குக் கிடைத்தவர் நிறுத்தவில்லை. அடுத்து ஒரு பேராசிரியர் தன் மகளுக்கும் பட்டம் கேட்டார், உடனே இனி பெண்களுக்கு இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். எலெனா 1684-ல், முப்பத்தெட்டு வயதில் இறந்தார். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் ரெக்டர் வந்தது 2021-ல், டேனியலா மாப்பெல்லி. கணக்குப் போட்டால் எலெனாவுக்குப் பிறகு 343 வருடம். 'எல்லோருக்கும்' என்ற அந்த வாசகத்தை நான் மறுபடி ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தேன்.

இருபதாம் நூற்றாண்டுப் பகுதியில் ஜோ பொன்ட்டி என்ற கட்டடக் கலைஞர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ளே மாற்றியமைத்த அறைகள், அவரே சுவரோவியம் தீட்டிய படிக்கட்டு எல்லாம் வரும். அழகு. ஆனால் முசோலினியின் பாசிச ஆட்சியின் பணத்தில் வந்த அழகு என்பதையும் நினைக்க வேண்டும். 1938-ல் யூதர்களுக்கு எதிரான இனச்சட்டங்கள் வந்தபோது யூதர்களுக்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே பட்டம் கொடுத்த இதே நிறுவனம் யூதப் பேராசிரியர்களை வெளியே அனுப்பியது. புது இயற்பியல் நிலையத்தைத் திட்டமிட்டுக் கட்டவைத்த புரூனோ ரோஸ்ஸியும் அதில் ஒருவர். ஐந்து வருடம் கழித்து, 1943 டிசம்பரில், லத்தீன் பேராசிரியரும் ரெக்டருமான கொன்செத்தோ மார்கேசி பதவியைத் தூக்கியெறிந்துவிட்டு, பாசிசத்துக்கு எதிராகப் போராடுங்கள் என்று மாணவர்களுக்கு அறைகூவல் விட்டுத் தலைமறைவானார். போராட்டத்துக்காகப் போர் வீரத்துக்கான தங்கப்பதக்கம் பெற்ற ஒரே இத்தாலியப் பல்கலைக்கழகம் இது. இரண்டும் ஒரே வீட்டில் நடந்தவை. முதலாவதை அடக்கிவாசித்து இரண்டாவதை மட்டும் சொல்லும் பயணக் கையேடுகள்தான் அதிகம், நீங்கள் இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு போங்கள்.

இன்றைய நிர்வாகம் பற்றி ஆர்வம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம், பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் யோசனை உள்ளவர்களுக்கும் உதவும். இப்போது இது அரசுப் பல்கலைக்கழகம், 60,000-க்கு மேல் மாணவர்கள். 2010-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு பழைய 'ஃபாக்கல்டி' அமைப்பைக் கலைத்துவிட்டார்கள். 32 துறைகள், அவற்றின் பாடத்திட்டங்களை ஒருங்கிணைக்க 8 'ஸ்கூல்'கள். ஆசிரியர் நியமனம், ஆராய்ச்சி, பாடம் மூன்றும் துறையின் கையில். மேலே ரெக்டர், செனட், நிர்வாகக் குழு. ரெக்டருக்கு ஆறு வருடம், ஒரே ஒரு முறை. ஓட்டில் மாணவர் பிரதிநிதிகளுக்கும் பங்குண்டு. அந்தப் பழைய மாணவ ராஜ்ஜியத்தில் மிஞ்சியது அது.

மூன்று வருட இளநிலை 180 கிரெடிட், இரண்டு வருட முதுநிலை 120. ஒரு கிரெடிட் என்றால் வீட்டில் படிப்பதையும் சேர்த்து 25 மணி நேர உழைப்பு. தேர்வுக்கு மதிப்பெண் முப்பதுக்கு, பதினெட்டு எடுத்தால் பாஸ். பிரமாதமாகச் செய்தால் '30 எ லோதே', அதாவது முப்பதும் பாராட்டும். நிறையத் தேர்வுகள் வாய்மொழி, பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். கிடைத்த மார்க் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த முறை எழுதலாம். இதைக் கேட்டதும் எனக்கு வந்த பொறாமையை எழுதி மாளாது. கட்டணம் குடும்ப வருமானத்தைப் பார்த்து நிர்ணயிக்கிறார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், வேலி போட்ட வளாகம் என்று எதுவும் கிடையாது. ஊரே வளாகம், ஒரு வகுப்பு இங்கே, இன்னொன்று ஆற்றுக்கு அந்தப்பக்கம், வேளாண்மை ஊருக்கு வெளியே லெஞ்ஞாரோவில். சைக்கிள் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம்.

நேரமிருந்தால் தாவரவியல் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள், அதற்குத் தனி டிக்கெட். நாங்கள் காத்திருந்த நேரத்தில் அங்கேதான் போனோம். 1545-ல் ஆரம்பித்தது, ஆரம்பித்த இடத்திலேயே இன்றும் இருக்கும் பல்கலைக்கழகத் தோட்டங்களில் உலகிலேயே பழையது, 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மருத்துவ மாணவர்கள் நிஜ மூலிகையையும் போலியையும் பிரித்து அறிய வேண்டும் என்பதற்காகப் போட்டது. வட்டமாகச் சுற்றி ஒரு மதில் இருக்கிறதே, அலங்காரம் என்று நினைத்தேன். செடிகளை ராத்திரியில் திருடிக்கொண்டு போனார்கள், அதனால் கட்டினார்களாம். 1585-ல் நட்ட ஒரு குட்டைப் பனை இன்னும் உயிரோடு இருக்கிறது, அதற்கென்று தனியாகக் கண்ணாடி வீடு. 1786-ல் ஜெர்மானியக் கவிஞர் கோத்தே வந்து அதைப் பார்த்து யோசனையில் ஆழ்ந்தார் என்பதால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. இரண்டு நூற்றாண்டு வளர்ந்த பிறகு வந்து பார்த்தவர் பெயர் மரத்துக்கு, நட்டவர் பெயர் எனக்குத் தெரியாது.

பலாஸ்ஸோ போவுக்கு எதிரே பெத்ரொக்கி காபிக் கடையையும் எட்டிப் பாருங்கள். 1848 பிப்ரவரி 8 அன்று ஆஸ்திரியப் படைக்கு எதிராக மாணவர்கள் எழுந்தபோது பாய்ந்த குண்டின் தடத்தை வெள்ளை அறையின் சுவரில் அப்படியே வைத்திருக்கிறார்கள். காபி நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. எங்களுக்குக் கால் வலி, உட்கார்ந்துவிட்டோம்.

யாருக்குச் சரிப்படும் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசியுங்கள், நின்றபடியே சுமார் ஒரு மணி நேரம் பேச்சுக் கேட்க வேண்டும், படிக்கட்டுகளும் உண்டு. கலிலியோவின் தொலைநோக்கி, கண்ணாடிப் பெட்டிகள் என்று அருங்காட்சியகம் போல எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள், இது ஒவ்வொரு நாளும் வேலை நடக்கும் கட்டடம், விழா இருந்தால் சில அறைகள் பூட்டியிருக்கும். மருத்துவம் படித்தவர்கள், சட்டம் படித்தவர்கள், எப்போதாவது மாணவர் தேர்தலில் நின்று தோற்றவர்கள் கண்டிப்பாகப் போகலாம்.

என் மதிப்பெண் முப்பதுக்கு 28. குறைத்த இரண்டு முன்பதிவு செய்யாமல் போன எனக்கு.